மின்னிக்குக் கண் பார்த்த மாதம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் வருஷா வருஷம் இனாமாகக் கொடுக்கும் டைரி இது. லாரி ஓட்டியவரை லோடு, டீசல், டயர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். சித்திரையில் லாரியை விற்றாயிற்று. முதுகுவலி. அதற்குப் பிறகு பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. இன்றிலிருந்து நாய்களைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்பது அவை மட்டும்தான்.

மூன்று நாய்கள், கன்னி என்கிற நாட்டுச் சாதி. கருப்பி, அவள் அண்ணன் ராசு, அவள் மகள் மின்னி. மூன்றுக்கும் கறுப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, கண்ணுக்கு மேலே கோதுமை நிறத்தில் இரண்டு பொட்டு. மின்னிக்கு அந்தப் பெயர் வந்ததே கண்ணால்தான். குட்டியாக இருந்தபோது ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற இரண்டின் கண்ணைவிட இவள் கண் அப்படி மின்னியது. கோவில்பட்டி வட்டாரத்தில் இப்படி ஒரு கண் கிடையாது என்று வந்தவன் போனவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகள் முத்துச்செல்விக்குத் தையில் கல்யாணம். தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் வகையறாவில் சீர்த்தட்டுகளோடு ஒரு கன்னிக்குட்டியும் போகும். வெளியில் வாங்கிய குட்டி செல்லாது, நம் வீட்டு நாய் போட்டதாக இருக்க வேண்டும். கருப்பிக்கு வயசாகிவிட்டது. எனவே மின்னிதான் போட வேண்டும். இந்த மாதக் கடைசியில் பருவத்துக்கு வருவாள். ராசுவைச் சேர்க்கப்போகிறேன். அவன் மின்னிக்குத் தாய்மாமன். முறை தப்பாது, ரத்தமும் வெளியே போகாது.

இதைப் பேச்சியிடம் சொன்னேன். பேச்சி என் மனைவி, என் அத்தை மகள், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிறாள்.

“அப்ப பந்தக்கால் எப்ப நடணும் அத்தான்?” என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

வீட்டு வாசற்படி ஓரங்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறாள். கிணற்றடிப் படிக்கும் அடித்திருக்கிறாள். பொங்கலுக்குத்தானே அடிப்போம், இது ஆடி மாசம் என்றேன். “டப்பாவுல கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு, காஞ்சு போயிரும்” என்கிறாள். கம்பெனியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து இந்த வேலை தேவைதானா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கம்பு உருண்டையைத் தூக்கிப் போட்டால் மின்னி அந்தரத்தில் கவ்வுவாள். காலையில் போட்டேன், ஒன்றைக்கூட விடவில்லை. சாயங்காலம் போட்டேன், உருண்டை அவள் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது. மூக்கால் தேடி எடுத்தாள். முற்றத்துப் பல்பு ஒரு பல்பா? மாற்றச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவுக்கு வருகிற கரண்டே சோகை பிடித்த கரண்டு.

பொழுது சாய்ந்தால் அவளுக்கு வெளியே போகப் பிடிக்காது. எனக்கும் அப்படித்தான். என் அப்பாவும் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். சில பேருக்கு அப்படி ஒரு குணம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பல்பு மாற்றியாயிற்று. அதுவும் சோகைதான்.

பேச்சி சித்திரையிலிருந்து கொலுசு போட்டுக்கொண்டு திரிகிறாள். கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு. இருபத்தைந்து வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. கம்பெனியில் சிரிக்க மாட்டார்களா என்றேன். “கிடந்து கறுக்குது, போட்டாத்தான் வெளுக்கும்” என்றாள். பேரன் எடுக்கிற வயசில் சலங்கை கட்டின மாதிரி வீட்டுக்குள் ஜல் ஜல் என்று நடமாட்டம். கருப்பிகூட முதலில் காதைத் தூக்கிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மின்னி பருவத்துக்கு வந்துவிட்டாள். ராசுவைத் தள்ளிக் கட்டியிருக்கிறேன். அவன் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கிராஸ் போடுவதற்கு முன் ஊசி போட நம் ஊர் மாட்டு டாக்டரிடம் மின்னியைக் கொண்டுபோனேன். வெயிலிலிருந்து அவருடைய அறைக்குள் நுழைந்ததும் மின்னி மேஜைக் காலில் இடித்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த டார்ச்சை அவள் கண்ணில் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் கண் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கிராஸ் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தாயையும் சேர்க்கப்போகும் நாயையும் கூடக் கொண்டுபோக வேண்டுமாம்.

நாய்க்குக் கண் பரிசோதனை. அடுத்து மூக்குக் கண்ணாடி போடச் சொல்வார்கள்.

பேச்சி மட்டும் உடனே, “திங்கக்கிழமை நான் லீவு போடுதேன், போயிட்டு வந்திருவோம்” என்றாள்.

செப்டம்பர் 2, திங்கள்

லோடு ஆட்டோ பிடித்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராசுவை முன்னால் கட்டினேன், மின்னியைப் பேச்சி மடியில் பிடித்துக்கொண்டாள்.

கண் பார்த்த டாக்டர் அம்மா பெயர் ஜெபராணி. எங்கள் முத்துச்செல்வி வயசுதான் இருக்கும். மூன்றுக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வராந்தாவில் உட்காரச் சொன்னார். கண்மணி விரிய வேண்டுமாம். விரிந்த பிறகு மூன்றும் வெயிலைப் பார்க்க முடியாமல் பேச்சியின் சேலைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டன.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஜன்னலெல்லாம் அடைத்து வைத்திருந்த அறை. ஒரு ஸ்டூலை நட்ட நடுவில் போட்டு வைத்திருக்கிறார்கள், என் முழங்காலைப் பெயர்த்துவிட்டது. ஆஸ்பத்திரி வைத்து நடத்துகிறவர்களுக்கு ஸ்டூலை ஓரமாகப் போடத் தெரிய வேண்டாமா? “அண்ணாச்சி, பாத்து” என்றார் டாக்டர். பேச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலையில் ஒரு விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் கண்ணாடி வில்லை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராசுவுக்கு ஒன்றும் இல்லை. கருப்பிக்குக் கண்புரை லேசாக ஆரம்பம், வயசுக்கு உள்ளதுதான் என்றார். மின்னியை மட்டும் வெகுநேரம் பார்த்தார். ஒரு கண், மறு கண், திரும்ப முதல் கண். மின்னி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

“இவ கண்ணு ரொம்ப மின்னுதே, எப்ப இருந்து?”

“குட்டியில இருந்தே அப்படித்தான் டாக்டர். அதனாலதான் மின்னின்னு பேர் வச்சேன்” என்றேன் பெருமையாக.

அவர் விளக்கை அணைத்தார். “அண்ணாச்சி, அந்த மினுக்கம்தான் நோயோட அடையாளம். கண்ணுக்குள்ள இருக்கிற திரை மெலிஞ்சு போச்சு. அதனால உள்ள போற வெளிச்சம் நிக்காம அப்படியே திரும்பி வருது. ரத்தக்குழாயெல்லாம் நூல் மாதிரி ஆயிருக்கு. இப்ப மங்கல்ல தெரியாது. போகப் போகப் பகல்லயும் குறையும்.”

“மருந்து?”

“இதுக்கு மருந்து இல்ல. வலியும் இருக்காது. இது பிறப்புல வர்றது. இவளோட தாயும் தகப்பனும் சொந்தமா?”

“தாய்மாமன்தான்” என்றேன். நல்ல குடும்பம் என்று சொல்வது போலத்தான் சொன்னேன். மின்னியின் தகப்பன் போன வருஷம் செத்துப்போனான். அவன் கருப்பிக்குத் தாய்மாமன். நான் சேர்த்து வைத்ததுதான்.

“கருப்பிக்குக் கண்ணு தெரியும், ஆனா இந்தக் கோளாறுல பாதி அவகிட்ட இருக்கு. மீதிப் பாதி தகப்பன்கிட்ட இருந்திருக்கு. ரெண்டு பாதியும் ஒரே குட்டியில சேர்ந்துட்டு. ராசு கருப்பிகூடப் பிறந்தவன். அவன்கிட்டயும் இருக்கலாம், வெளியில தெரியாது. மின்னியைக் கிராஸ் போடவே கூடாது. ராசுகூட நிச்சயமா கூடாது.”

பேச்சிதான் கேட்டாள். “மனுசருக்கும் இப்படி வருமா டாக்டர்?”

“வரும்மா” என்றார். அவர் பேச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்க எப்பவாச்சும் கண்ணு பாத்திருக்கீங்களா?”

“நான் நாயைக் காட்ட வந்தேன்” என்றேன்.

நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவளுக்கு எதற்கு மனுசர் கதை?

வீட்டில் சாமான்களை இடம் மாற்ற வேண்டாம், தண்ணீரும் சோறும் ஒரே இடத்தில் இருக்கட்டும், கூட இருக்கிற நாய் கழுத்தில் ஒரு மணி கட்டுங்கள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மின்னி நடந்துகொள்வாள் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். பேச்சி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்கு எதுவும் புதிதாகச் சொன்னது மாதிரித் தெரியவில்லை.

திரும்பி வரும்போது மின்னி என் மடியில் படுத்து வந்தாள். அந்தக் கண்ணைத்தான் ஊரெல்லாம் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அக்காவிடம் போனில் சொன்னேன். அவளுக்குக் கோபம்.

“ஏல, கண்ணுல லேசா மங்கல்னா என்ன? குட்டி போடாதா? எல்லாக் குட்டிக்குமா வரப்போகுது? ஒரு ஈத்து போட்டுட்டு அப்புறம் அந்த டாக்டரு சொல்லுதபடி கேளு. நம்ம ஆத்தா என்னை அனுப்பும்போதும் குட்டியோடதான் அனுப்புனா. எம்மவ மட்டும் வெறுஞ் சீரோட போவாளா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால என் தலையைக் குனிய வச்சிராத.”

எல்லாக் குட்டிக்கும் வராது என்பது வாஸ்தவம்தான். டாக்டரிடம் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். என் அம்மாவுக்கும் அப்பா தாய்மாமன்தான். எனக்கு என்ன குறைந்துபோயிற்று?

நல்ல குட்டியாகப் பார்த்து ஒன்றைச் சீருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நாமே வளர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ஈத்து. நாளைக்குத்தான் நாள் சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

பேச்சி வேலையிலிருந்து வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பகலெல்லாம் அக்காவுக்கு மறுபடி போன் போடுவதும் வைப்பதுமாக இழுத்தடித்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. மின்னியின் கூண்டைத் திறந்து வைத்துவிட்டு, ராசுவை அவிழ்க்க முற்றத்தின் அந்தப் பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டி இடறி விழுந்துவிட்டேன். முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிராய்ப்பு. ராசு கட்டில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். நான் விழுந்த சத்தம் கேட்டு மின்னி கூண்டைவிட்டு வந்தாள். தூணில் இடித்தாள். பின்வாங்கி வந்தாள், தொட்டியில் இடித்தாள். அப்புறம் மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே வந்து என்னைக் கண்டுபிடித்தாள். நான் கையை நீட்டித் தடவித்தான் அவளைக் கண்டுபிடித்தேன். அவள் என் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டாள்.

இவளைப் போல இன்னும் ஐந்தாறு பேரை உண்டாக்கத்தான் நான் ராசுவை அவிழ்க்கப் போனேன். இடித்துக்கொண்டு, பின்வாங்கி, மறுபடி இடித்துக்கொண்டு திரிகிற ஐந்தாறு பேர். வாய்விட்டு அழுதேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு மாதிரி எழுதினால் பொய்.

கொலுசுச் சத்தம் கேட்டது. பேச்சி வந்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் முதலில் மின்னியைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு என்னைத் தூக்கினாள்.

“தொட்டியை யாரோ நகத்தி வச்சிருக்காங்க” என்றேன்.

“தொட்டி அங்ஙனயேதான் இருக்கு அத்தான்” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். உள்ளே கூட்டிப்போய் மஞ்சள் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ராசுவைப் பேச்சியின் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மின்னியின் பருவம் முடிகிறவரை அங்கேயே இருக்கட்டும். முடிந்ததும் மின்னிக்குக் கருத்தடை ஆபரேஷன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையிலேயே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனோம். போனில் சொல்ல முடியாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம் நாய்க் குட்டி கிடையாது, மின்னி குட்டி போடமாட்டாள் என்று சொன்னேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் எல்லாம் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

முத்துச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மின்னிக்கு வலிக்குமா மாமா?” என்று கேட்டாள். வலிக்காது என்றேன். “அப்ப சரி. எனக்கு எந்தக் குட்டின்னாலும் சரி மாமா. கண்ணு பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன குட்டியா வாங்கித் தாங்க.”

“வாங்கின குட்டி சீராகாது தாயி.”

“நீங்க தூக்கிட்டு வந்தா சீருதான்.”

அக்கா அடுப்படியிலிருந்தே, “சீருன்னா என்னன்னு இவதான் சட்டம் எழுதுதா” என்றாள். ஆனால் சொல்லிவிட்டுக் காபி கொண்டுவந்து வைத்தாள். சீனி தூக்கலாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

கிளம்பும்போது முத்துச்செல்வி வாசல்வரை வந்தாள். “முகூர்த்தம் காலையிலதான் மாமா. முந்தின நாள் மத்தியானமே வந்துருங்க. இருட்டுக்குள்ள பஸ் ஏற வேண்டாம்.”

இவளுக்கு யார் சொன்னது? பேச்சியைப் பார்த்தேன். அவள் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆட்டுக்குக் கட்டுகிற சின்ன வெண்கல மணி ஒன்று வாங்கிக் கருப்பி கழுத்தில் கட்டினேன். அவளுக்கு மானம் போய்விட்டது. அரை நாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் இரண்டையும் வெளியே விட்டேன். கருப்பி கோபமாக நடந்தாள், மணி அடித்தது. மின்னி தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள், மறுபடி கேட்டாள். பிறகு அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே கிணற்றடி வரை போய், எதிலும் இடிக்காமல் திரும்பி வந்தாள். வாலை ஆட்டிய ஆட்டலைப் பார்க்க வேண்டுமே.

பேச்சி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “நாயே கேட்டுக்கிடுச்சு” என்றாள்.

“என்னத்தை?”

“சொன்னதை.”

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாஸ்பத்திரிக்கு என்றைக்குப் போகலாம் என்று நான்தான் கேட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மின்னிக்கு விட்ட மாதிரியே எனக்கும் சொட்டு விட்டார்கள். வெளியே வந்தால் வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. நாய்கள் ஏன் அவள் சேலைக்குள் முகத்தை நுழைத்தன என்று தெரிந்தது.

திரைதான். அதே மாதிரிதான். நேரே பார்ப்பது இன்னும் பல காலத்துக்கு இருக்கலாம், ஓரப் பார்வை சுருங்கிவிட்டது, மங்கலில் தெரியாது என்று கண் டாக்டர் சொன்னார். வண்டி மட்டும் இனி ஓட்டக் கூடாது என்றார். சித்திரையிலேயே விற்றுவிட்டேன் என்றேன். ஏன் விற்றீர்கள் என்று கேட்டார்.

கயத்தாறு தாண்டி ஒரு சாயங்காலம், ரோட்டோரம் சைக்கிளில் போன ஒருவர் என் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லை. அவர் போட்ட சத்தத்தில்தான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே சாவியைக் கொடுத்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னேன். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க அப்பா அம்மா சொந்தமா?” என்று டாக்டர் கேட்டார்.

“தாய்மாமன்” என்றேன். இந்தத் தடவை பெருமையாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

எட்டயபுரம் பக்கம் ஒருவரிடம் கன்னிக்குட்டி சொல்லி வைத்திருக்கிறேன். தாய், தகப்பன் இரண்டையும் திருநெல்வேலிக்கு அனுப்பிக் கண் பார்த்தாயிற்று, இரண்டும் சுத்தம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த மனுஷர் இதை ஒரு குறையாகச் சொன்னார். நான் குட்டிக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கருப்பியையும் மின்னியையும் கூட்டிக்கொண்டு, பேச்சியை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். முன்பெல்லாம் தினமும் போவேன். பிறகு விட்டுப்போயிற்று. அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். கூட இறங்கிய பெண்களிடம், “எங்க வீட்டு ஆளுக” என்றாள்.

பஸ் லேட். திரும்பும்போது இருட்டிவிட்டது. ரயில்வே லைன் ஓரத்துப் பாதையில் விளக்கு கிடையாது. கருப்பி முன்னால் போனாள், மணிச்சத்தம் கேட்டது. மின்னி அதன் பின்னால். பேச்சி, அவளுக்குப் பின்னால் நான்.

செருப்பில் கல் ஏறிவிட்டது என்று நான் நின்றேன். மணி அடித்துக்கொண்டே தூரப் போனது. கொலுசுச் சத்தம் நின்றுவிட்டது. கல்லைத் தட்டிவிட்டு நடந்தேன், கொலுசும் நடந்தது. சும்மா ஒரு தடவை நின்று பார்த்தேன். அதுவும் நின்றது.

இத்தனை நாளும் வீட்டுக்குள், கிணற்றடியில், தெருவில் நான் எதைக் கேட்டுக்கொண்டு நடந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏட்டி, இந்தக் கொலுசை என்னைக்குப் போட்ட?”

“லாரிச் சாவியக் கொடுத்துட்டு வந்து சாப்பிடாமப் படுத்தீங்கள்ளா, அதுக்கு மறுநாள்.”

“கறுக்குதுன்னு சொன்ன.”

“வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? நெசத்தச் சொன்னா சண்டைக்கு வருவீங்க.”

வந்திருப்பேன். கொலுசைக் கழற்றவும் சொல்லியிருப்பேன். கம்பெனியில் சிரிக்கமாட்டார்களா என்று கேட்டேனே, சிரித்துத்தான் இருப்பார்கள். அவள் அதையும் போட்டுக்கொண்டுதான் போய்வந்திருக்கிறாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது.

“நடங்க அத்தான், கருப்பி வீட்டுக்கே போயிருப்பா” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். காலைக் கொஞ்சம் அழுத்தித்தான் வைக்கிறாள். நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வீடுவரை வந்தேன்.